குருவிக்கரட்டின் மேற்குப் பக்கம்

குருவிக்கரடு என்கிற பாறைக்குன்றைச் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அமாவாசைக்கு அமாவாசை கல்லேரிப்பாளையத்துச் சனம் விடிந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். கரடு வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும். மாற்றி நடந்தால் குடி கெட்டுவிடும் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

போன பங்குனியில் அந்தச் சுற்றுக்கு ஒரு கேடு வந்தது. வெளியூர் முதலாளி ஒருவர் மேற்குச் சரிவை வாங்கி, குறுக்கே முள்கம்பி இழுத்துவிட்டார். அங்கே நின்றால் சுற்றுவட்டாரத்து எட்டு ஏரியும் தெரியும். அந்தக் காட்சியைக் காட்டி விடுதி கட்டப் போகிறாராம்.

ஊர் தாலுகா ஆபீசுக்கு ஓடியது. அங்கே வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, மேற்கே பாதையே கிடையாது என்றார்கள். அத்தனை தலைமுறையும் என்ன ஆகாயத்திலா நடந்தது? கேட்டதற்குப் படத்தைத் திருப்பிக் காட்டினார்கள். படத்தில் 'பாறை. பாதை இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தால் அப்புறம் யார் என்ன செய்வது?

அதை எழுதிய கை அப்போது கிழக்கு அடிவாரத்து மடத்தில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தது.

அங்கமுத்து சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. மனசு அடங்கவில்லை என்று வந்தவர், நாலு வருடமாக மடத்திலேயே தங்கிவிட்டார். அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் மயிலாத்தாள். ஊர் 'மடத்தம்மா' என்றது. அவரும் அம்மா என்றே கூப்பிட்டார். அந்த அம்மாளோ இவரை 'சர்வேயரே' என்றுதான் கூப்பிடுவாள். எத்தனை முறை கேட்டாலும் அவருக்கு அது சுருக்கென்று குத்தும்.

கோட்டாட்சியர் நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று சேதி வந்தது. அவர் வருகிற அன்று காலையில் அங்கமுத்துவுக்கு மோர்ப்பானையைத் தூக்கக் கை வரவில்லை. குருவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் இந்தக் கரட்டை அளந்தவர் அவர்தான். மூன்று பக்கம் முடிந்தது. மேற்குப் பக்கத்தை வடமேற்குக் கல்லிலிருந்து தெற்கே சங்கிலி இழுத்து அளக்க வேண்டும். அப்படிப் போனால் கரடு இடக்கைப் பக்கம் வரும். சங்கிலி பிடித்த தலையாரி ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். இவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழே இருந்து அண்ணாந்து பார்த்தார். பாறைதான் தெரிந்தது. எழுதிவிட்டார்.

"அந்தத் தலையாரி மட்டும் முரண்டு பண்ணாம இருந்திருந்தா இந்தப் பழி வந்திருக்காதும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப நான் போய்ச் சொன்னா முப்பது வருச உத்தியோகமும் நாறிப்போயிரும். சொல்லலைன்னா ஊருக்கு வழி போயிரும். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

மயிலாத்தாள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். இறங்கியவள் வடக்கே திரும்பினாள்.

அங்கமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வடக்கே போனால் கரடு இடக்கைப் பக்கம் அல்லவா வரும்! ஒருவேளை மறதியோ என்று நினைத்தார். அவள் நடை அப்படிச் சொல்லவில்லை. அவரும் பின்னாலேயே போனார்.

குழாயடியில் பேச்சு நின்றுபோனது. ஒரு பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் குறுக்கே கையை நீட்டி, நீங்களே இப்படிச் செய்தால் ஊர் என்ன ஆவது என்று கேட்டார்.

"கெட்டா எங்குடி கெடட்டும். வழிய விடுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவர் விலகிக்கொண்டார். பின்னால் யாரோ காறித் துப்பியது அங்கமுத்துவின் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இந்த ஊருக்காகத்தானே போகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, கெடுத்ததும் நாம்தானே என்று தோன்றியது. நடையைக் கூட்டினார்.

வடமேற்குக் கல்லுக்கு வந்ததும் கம்பி மறித்தது. அந்தப் பக்கம் முதலாளியின் மேனேஜர் ஓடி வந்தார். இது தனியார் இடம், உள்ளே கால் வைத்தால் போலீஸ் கேஸ் என்றார்.

மயிலாத்தாள் கீழ்க்கம்பியைக் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தாள். முள் உள்ளங்கையில் ஏறியது. "எழுதிக்கங்க. மயிலாத்தாள், மடம், கல்லேரிப்பாளையம்" என்றாள். அங்கமுத்துவைப் பார்த்து, "அன்னிக்கு நின்னது இந்த இடந்தானே? போங்க" என்றாள்.

அங்கமுத்து குனிந்து நுழைந்தார். வேட்டி கிழிந்தது. அவளும் பின்னாலேயே நுழைந்தாள்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது. பாறைமேல் ஒன்றரை முழ அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு வரி ஓடியது, அம்மிக்கல் தேய்ந்த மாதிரி. வெறுங்கால்கள் தேய்த்த தேய்ப்பு. கீழே நின்று எத்தனை வருடம் பார்த்தாலும் கண்ணுக்குப் படாது. காலை வைத்தால் கால் தானாக அடுத்த அடிக்குப் போனது. இடக்கைப் பக்கம் கரடு, வலக்கைப் பக்கம் எட்டு ஏரியும் வெயிலில் பளபளத்தன. அதற்கப்பால் ரயில் ஒன்று ஊர்ந்து போனது. நாலு வருடமாக இங்கேயே கிடந்தும் அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வரப் பயம்.

தெற்கு முனையில் கோட்டாட்சியர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெறும் பாறை என்று படம் சொன்ன பக்கத்திலிருந்து இரண்டு பேர் சாவகாசமாக நடந்து வருவதைக் கண்டு அவர் படத்தை மறுபடி விரித்துப் பார்த்தார்.

அங்கமுத்து தான் யார் என்று சொன்னார். பாதை இருக்கிறது என்றும், எழுதாமல் விட்டது தான்தான் என்றும் சொன்னார். கோட்டாட்சியர் கோபப்படவில்லை. யோசித்துப் பேசுங்கள், எழுத்தில் கொடுத்தால் உங்கள் மேல் விசாரணை வரும் என்று எச்சரித்தார். அப்புறம், "எதனால அப்படி எழுதினீங்க?" என்று கேட்டார்.

தலையாரி என்கிற சொல் அங்கமுத்துவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் நடந்து பார்க்கலைங்க" என்றார்.

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். கோட்டாட்சியர், பின்னாலேயே வந்து நின்ற மேனேஜரைக் கூப்பிட்டு, மறு அளவை முடிகிறவரை கம்பி இருக்கக் கூடாது என்றார். மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

இருவரும் இறங்கினார்கள். மயிலாத்தாள் உள்ளங்கையை முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"தப்பு என்னோடது. நான் நடந்தாப் போதாதா? நீங்க எதுக்கும்மா மாத்தி நடந்து ஊர்க்கிட்டப் பேச்சு வாங்கணும்?" என்று கேட்டார் அங்கமுத்து.

அவள் வேறொன்று கேட்டாள். "அந்தத் தலையாரியப் பத்தி ஏன் சொல்லாம விட்டீங்க?"

"அவர் பேருகூட எனக்குத் தெரியாதும்மா. அன்னிக்குக் கேட்டுக்கவே இல்லை."

"நாச்சிமுத்து" என்றாள் மயிலாத்தாள். "எங்கப்பா. அவரு விட்டதத்தான் நான் நடந்தேன், சர்வேயரே."