நாற்பதாவது காவலன்

ரொம்பக் காலத்துக்கு முன்னே பூங்கரை என்ற நாட்டைக் குலமாணிக்கம் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. போட்டி, பந்தயம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஊர்ச் சந்தையில் ஆலமரத்தடியில் மோர் விற்றாள் அங்காயி. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, எதிரே மோர்ப்பானை. ஒருநாள் காவலன் ஒருவன் வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, கையைக் குவித்து நீட்டினான்.

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல? நீங்களும் பின்னால போய் நில்லுங்க" என்றாள் அங்காயி.

அவ்வளவுதான். ஒரே உதை. பானை சுக்குநூறு. அவள் குழந்தையை வாரி அணைத்து நிமிர்வதற்குள் ஆள் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

நேரே நகரசபைக்குப் போனாள். தெரு, குளம், சந்தை விவகாரங்களோடு, தப்பு செய்த காவலர்களை விசாரிக்கும் பொறுப்பையும் அந்தச் சபையின் ஐந்து பெரியவர்களிடம் கொடுக்கச் செய்தவர் மந்திரி சேந்தனார். இதனாலேயே மந்திரியைக் கண்டால் தளவாய் திருமலைக்கொழுந்துக்கு வயிறு எரியும். 'என் ஆட்களை விசாரிக்க இவர்கள் யார்?' என்று மீசையை முறுக்கிக்கொண்டே திரிவார். இந்த வழக்கு வந்ததும் ராஜாவையே சபைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"மகாராஜா, என் காவலர் நாற்பது பேரும் நாற்பது முத்து! இவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். நாற்பது பேரையும் நிறுத்துகிறேன். ஆளைக் காட்டட்டும். காட்டாவிட்டால் சந்தையில் இவளுக்கு இனி இடமில்லை!"

"ஆகா, பந்தயம்!" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில் அரண்மனை முற்றத்தில்! ஏம்மா, சம்மதமா?"

அங்காயிக்கு அந்த மரத்தடி போனால் அடுப்பு எரியாது. முகத்தை எங்கே பார்த்தாள் அவள்? மோர் ஊற்றும்போது குனிந்தே ஊற்றுகிறவளுக்குக் கைகள்தானே தெரியும்?

மந்திரி மெல்லக் கேட்டார். "எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்தப் பெண்ணே முடிவு செய்யலாமா, மகாராஜா?"

"செய்யட்டும், செய்யட்டும்!"

அங்காயி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "சம்மதம் சாமி. எனக்கு ஒரு பானை மோர் மட்டும் போதும்."

மறுநாள் நாற்பது பேரும் வந்து நின்றார்கள். ஒரே தலைப்பாகை, ஒரே மீசை, கையில் ஒரே தடி. தளவாய் சிரித்தார். "எங்கே, காட்டு பார்ப்போம்."

"இருங்கய்யா, வெயில்ல வந்திருக்காங்க. முதல்ல ஆளுக்கொரு கை மோர் குடிக்கட்டும்."

ஒவ்வொருவனாக வந்தான். வேலை நேரத்தில் தடி தரையில் படக் கூடாது என்பது காவலர் சட்டம். அதனால் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்துக் குனிந்து குடித்துவிட்டுப் போனான். எல்லாம் அவளுக்குப் பழகிய கைகள். ஆனால் உதைத்தவனின் கையைக் காணவில்லை. முப்பத்தொன்பது பேர் முடிந்தது.

நாற்பதாவது ஆள் வந்தான். வந்தவன் தடியைச் சாவகாசமாகத் தரையில் கிடத்திவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். நகக்கண்ணெல்லாம் மண்.

அங்காயி முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, நீங்க எந்தத் தோட்டத்துல வேலை பாக்குறீங்க?"

"நம்ம தளவாய் ஐயாவோட பூசணித் தோட்டம்தான் தாயி" என்றான் அவன் வெள்ளந்தியாக.

முற்றம் கொல்லென்று சிரித்தது. தளவாய் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தளவாய், உங்கள் நாற்பது முத்தில் ஒன்று பூசணிக்கொடியில் காய்த்திருக்கிறதே!" என்றார் ராஜா. "யாரப்பா நீ?"

"பிச்சையாண்டிங்க. ஐயாவோட அக்கா மவன் வேலப்பன்தாங்க இந்த உடுப்பைக் குடுத்தாரு. அவரு எங்க பூசணிப் பந்தலுக்கடியில படுத்திருக்காருங்க."

வேலப்பனைப் பிடித்து வந்தார்கள். தோட்டக்காரனின் அழுக்குக் கோவணத்தோடு வந்து நின்றான். அங்காயி, "கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினான். "இதே கைதான் சாமி." வேலப்பன் தடாலென்று அவள் காலடியில் விழுந்தான். "நான்தான் உதைச்சேன். மாமாதான் ஒளிஞ்சுக்கச் சொன்னாரு!"

ராஜா சபைப் பெரியவர்களைப் பார்த்தார். "உங்கள் வழக்கு. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

ஐந்து பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். வேலப்பன் ஒரு வருஷம் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுச் சந்தையைக் கூட்ட வேண்டும். ஆலமரத்தடி அங்காயிக்கே. யாரும் அசைக்க முடியாது.

"சபாஷ்! அதோடு என் கட்டளை ஒன்று" என்றார் ராஜா. "பொய் சொல்லத் தெரியாத இந்தப் பிச்சையாண்டிதான் இனி நாற்பதாவது காவலன்."

பிச்சையாண்டி தலையைச் சொறிந்தான். "அப்போ பூசணிக்கு யாருங்க தண்ணி ஊத்துவா?"

"வேறு யார்? தளவாய்தான்!"

அங்காயி குழந்தையின் உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"என் இடம் கிடைச்சிடுச்சே, போதும் சாமி."

"போதாது" என்றார் மந்திரி. "காவலர் வழக்கு வரும்போது சபையில் ஆறாவது ஆளாக நீ உட்கார வேண்டும்."

"உக்காரலாங்க. ஆனா காலையில யாவாரம் இருக்கு, புள்ளையை வேற தூங்க வைக்கணும்."

ஐந்து பெரியவர்களும் சரியென்று தலையாட்டினார்கள். அன்றிலிருந்து, அங்காயியின் மோர்ப்பானை காலியாகும்வரை பூங்கரை நகரசபையில் எந்தக் காவலர் வழக்கும் தொடங்குவதில்லை.