ராஜாவின் மழையைத் திருடியவள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைக்காட்டு நாட்டை வல்லவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நாட்டை ஆண்டதைவிட மந்திரி பொறையரைப் படுத்தி எடுத்ததுதான் அதிகம்.

அந்த வருஷம் அதுவரை நாலு நாள்தான் மழை. அரண்மனைத் தோட்டம் காய்ந்து சருகானது. ராஜாவின் இலையில் ஒரு மாதமாகக் கொள்ளுத் துவையல். "அவரைக்காய் எங்கே?" என்று அவர் தினமும் கேட்க, "தண்ணீர் இல்லை அரசே" என்று பொறையர் தினமும் சொல்ல, இரண்டு பேருக்குமே அலுத்துப் போனது.

அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. பக்கத்துப் பாலிபட்டியில் மாரக்காள் என்ற குடியானவளின் கொல்லையில் அவரையும் சுரையும் கத்தரியும் காய்த்துத் தொங்குகின்றனவாம். அரண்மனைத் தோட்டத்து அதிகாரி சேந்தனாருக்கு வயிறு எரிந்தது. போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அரசே, அவள் திருடி! கூரையில் விழும் மழையை, பாதியாய்ப் பிளந்த மூங்கிலில் வாங்கி, ஆழக் குழி வெட்டி நிரப்பி வைத்திருக்கிறாள். நாடு தங்களுடையது என்றால், நாட்டில் பெய்யும் மழையும் தங்களுடையதுதானே?"

ராஜாவுக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அட, ஆமாம்! என் மழை! குழியை மூடுங்கள், கொல்லையை அழியுங்கள்!"

பொறையர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அழிப்பதற்கு முன் அவளையும் ஒரு வார்த்தை கேட்கலாமே அரசே."

மாரக்காள் சபைக்கு வந்தாள். கையில் மண் கூடக் காயவில்லை.

"மகாராசா, அந்தக் குழி நாலு வருசம் முன்னாடி என் கையால வெட்டினது. அதை மூடிட்டா என் மூணு பிள்ளைங்களுக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இருக்காது."

"திருட்டுக்கு மன்னிப்பே கிடையாது!" என்றார் சேந்தனார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். "சரிங்க, மழை மகாராசாவோடதுதான். உங்க பொருள் எனக்கெதுக்கு? அடுத்த மழைக்கு நான் ஒரு சொட்டும் தொடமாட்டேன். இந்த ஐயாவே வந்து பிடிச்சு அரண்மனையில சேர்க்கட்டும். சேர்த்துட்டா குழியை நானே மூடிடறேன்."

"நல்ல பேச்சு! சேந்தனாரே, ஒரு சொட்டு குறையக்கூடாது!" என்றார் ராஜா.

எட்டாம் நாள் மதியம் மழை கொட்டியது. ராஜாவே பொறையரையும் கூட்டிக்கொண்டு மாரக்காள் வீட்டுக்குப் பல்லக்கில் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சேந்தனார் இருபது ஆட்களையும் நாற்பது குடங்களையும் கூரையைச் சுற்றி நிறுத்தினார். ராஜா வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நாற்பதும் நிரம்பி வழிந்தன.

"கொண்டுபோய் ஊற்றிவிட்டு வாருங்கள்!"

"எங்கே ஊற்றுவது அரசே?"

"இதையும் நானே சொல்ல வேண்டுமா? அரண்மனைக் குளத்தில்!"

சேந்தனார் மெல்ல இழுத்தார். "குளத்தை... போன வருஷம் மயில்கள் ஆட இடம் வேண்டுமென்று மூடிவிட்டோமே."

"யார் சொன்ன யோசனை?"

"இவர் சொன்னதுதான்" என்று சேந்தனாரைக் காட்டினார் பொறையர். "வேண்டாம் என்று நான் ஒன்பது முறை சொன்னேன்."

மழை விடுவதாயில்லை. ராஜாவின் மழை தெருவெல்லாம் ஓடியது. தலைப்பாகைச் சாயம் கரைந்து முகத்தில் வழிய, இரண்டு இடுப்பிலும் குடத்தோடு நின்ற சேந்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா தாயே, இதை எங்கேயாவது கொட்ட இடம் சொல்லேன்!"

மாரக்காள் கொல்லைக் குழியைக் காட்டினாள். "அதுல ஊத்துங்க சாமி. நாலு வருசமா நானும் அதைத்தானே செய்யறேன்?"

பல்லக்கு தூக்கிகளே சிரித்துவிட்டார்கள். ராஜா சிரிக்கவில்லை. பல்லக்கிலிருந்து இறங்கிக் குழியை எட்டிப் பார்த்தார்.

"என் மழைக்கு என் அரண்மனையில் இடமில்லை, இவள் கொல்லையில் இருக்கிறது. சேந்தனாரே, நாளை முதல் நீரே மண்வெட்டி பிடித்துக் குளத்தைத் தோண்டும். இவள் சரி என்று சொல்லும்வரை கரையேறக்கூடாது. மாரக்காள், உனக்குப் பட்டுப்புடவை தருகிறேன்."

"புடவை வேண்டாங்க. வீட்டுக்கு ரெண்டு மூங்கில் குடுங்க, ஊர்ல எல்லாரும் குழி வெட்டிக் கொல்லை போடட்டும்."

கேட்டபடியே ஊருக்கெல்லாம் மூங்கில் வந்தது. சேந்தனார் நாற்பது நாள் தோண்டினார்.

தோண்டி முடித்த மறுநாள் காலை ராஜா கரையில் வந்து நின்றார். "பொறையரே, குளம் ஏன் இன்னும் நிறையவில்லை?"

"மழை பெய்ய வேண்டும் அரசே."

"அப்படியா? பெய்யச் சொல்லும்."

பொறையர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.