நாற்பது ஃபைல்களும் ஒரு மேசையும்

தாலுகா அலுவலக மேலாளர் தாமோதரன் எதற்கெடுத்தாலும் ‘குயிக்’ என்பார். காபி கேட்டாலும் குயிக், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் குயிக். பட்டா கேட்டவர்களின் ஃபைல்களிலும் சிவப்பு மையில் ‘குயிக்’ என்று எழுதி அலமாரிக்கு அனுப்பிவிடுவார்.

ஒருநாள் மாவட்ட அதிகாரி திடீரென்று வந்து நின்றார். “பட்டாவுக்கு ஏன் இவ்வளவு தாமதம்?”

“எல்லாத்துலயும் குயிக்னு எழுதியிருக்கேன் சார். ஃபைல் தூக்குற இந்தம்மாதான் அசையவே மாட்டேங்குறா” என்ற தாமோதரன், தற்காலிக ஊழியரான எசக்கியம்மாளிடம் சீறினார். “அலமாரியில கிடக்குற நாற்பது ஃபைலும் பத்து நிமிஷத்துல அதது போகவேண்டிய மேசைக்குப் போகணும். இல்லன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எசக்கியம்மாள் அலமாரிக்கு ஓடினாள். நாற்பதையும் அள்ளிவந்து தாமோதரன் மேசைமேலேயே அடுக்கினாள்.

“கிறுக்கா உனக்கு? இங்க எதுக்கு வைக்கிற?”

“எல்லாத்துலயும் உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி ஐயா. வேற எந்த மேசைக்குக் கொண்டுபோக?”

அதிகாரி மேலிருந்த ஃபைலைப் புரட்டினார். கையெழுத்துக்கான இடம் ஐந்து மாதமாகக் காலியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போடுங்க. முடியுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

பிறகு எசக்கியம்மாளைப் பார்த்தார். “இதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேணும்லா? நாளைக்கு வந்துரும்மா.”