நேர்ந்து விட்ட கிடாய்

அந்தக் காலத்தில் ஆட்டிடம் கேட்காமலே ஆட்டை அம்மனுக்கு நேர்ந்து விட்டார்கள். தப்பு அதுதான். இத்தனைக்கும் அப்போது ஆடு பேசும்.

சடையாண்டியின் மகள் காத்தாயிக்கு அம்மை. கண்கூடத் திறக்கவில்லை. பயந்துபோனவன் கிடாய்க்குட்டி கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, "தாயே, இதை உனக்கு நேர்ந்து விட்டேன், என் பிள்ளையை விட்டுவிடு" என்றான். பிள்ளை பிழைத்தது. முகமெல்லாம் தழும்பு.

நேர்ந்து விட்டதைக் கட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். கிடாய் யார் கொல்லையிலும் மேய்ந்தது.

"மேயி சாமி, மேயி. நல்லா உடம்பு வைக்கட்டும்" என்பான் கம்பங்கொல்லைக்காரன். எல்லாரும் சிரிப்பார்கள். கிடாயும் சிரிக்கும்.

"நான் சாமி ஆடு. உன்னை யாரு நேர்ந்து விட்டா?" என்று காத்தாயியைச் சீண்டும். அவளுக்கோ விஷயம் தெரியும்.

திருவிழா வந்தது. கிடாய்க்கு மாலை போட்டார்கள்.

"மாலை சரி. அரிவாள் எதுக்கு?"

காத்தாயிதான் சொன்னாள். "எனக்குப் பதிலா உன்னை அம்மனுக்குக் கொடுத்தாச்சு. நேர்ந்து விட்டதுன்னா அதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஆட்டுக்கிட்ட எவன்டா கேப்பான்?" என்றான் சடையாண்டி.

காத்தாயி குறுக்கே வந்து நின்றாள். "இப்பக் கேளுப்பா. கேக்காம வெட்டினா அம்மை எனக்கே திரும்பி வரட்டும்."

அரிவாள் பிடித்த சடையாண்டியின் கை தாழ்ந்தது. அவளே மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் தலையில் ஊற்றினாள். "சம்மதமா சொல்லு. இல்லேன்னா அவுத்து விட்டுடுவோம். வர்றது வரட்டும்."

கிடாய் அவள் முகத்துத் தழும்பைப் பார்த்தது. மாட்டேன் என்றால் நேர்த்தி முறியும், அம்மன் இவளைக் கேட்பாள். சரி என்று சொல்லவோ வாய் வரவில்லை. ஒன்றும் பேசாமல் உடம்பை ஒரு தரம் உதறியது. குளிரா, சம்மதமா, யாருக்குத் தெரியும்? அரிவாள் இறங்கிவிட்டது.

காத்தாயி கறியைத் தொடவில்லை. அதற்கப்புறம் எந்த ஆடும் மனிதனிடம் பேசவில்லை.

நேர்ந்து விட்ட கிடாய் மேல் தண்ணீர் தெளித்து, அது உதறும்வரை ஊரே காத்து நிற்பது அன்று முதல்தான். உதறாவிட்டால் அவிழ்த்து விடவேண்டும். அப்படித் தப்பிய கிடாய்களும் சில உண்டு. அவற்றைத் தப்பவிட்டவள், அன்று கேட்கச் சொன்ன காத்தாயி.