வேம்படி நிலம்

வேப்பமரத்தடியில் பெற்ற தாயைப் புதைத்த மேட்டை உழுது தரைமட்டமாக்கிவிட்டு, நிலத்தை விற்கக் கிளம்பினார் மாசிலாமணி. "சமாதின்னு வாயைத் திறந்தே, குடிசையைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்று காவல்காரன் தவசியை மிரட்டியும் வைத்தார்.

வாங்க வந்தவர் விவரமான ஆள். "இங்கே யாரையாவது அடக்கம் பண்ணியிருக்கா?" என்று தவசியிடமே கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்? மொதலாளி சொல்றதுதான். ஐயா, இப்படி வேம்படிக்கு வந்து, செருப்புக் காலோட நின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான் தவசி, கூட நின்ற மாசிலாமணி பக்கம் திரும்பி, பவ்யமாக.

மாசிலாமணி வீறாப்பாகத்தான் நடந்தார். தவசி காட்டிய இடம் அம்மாவின் தலைமாடு. தூக்கிய கால் கீழே இறங்க மாட்டேன் என்றது. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் குனிந்து, செருப்பைக் கழற்றினார்.

வாங்க வந்தவர் தன் செருப்பையும் கழற்றினார்.