தாசையன் கொடுத்த இலை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் தாசையன். பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரன். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சிறுகுறிஞ்சான் இலையை என் கையில் வைத்தவன் அவன்.

இன்று என் வலது காலில் பெருவிரல் இல்லை; சர்க்கரைப் புண் வந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அவன் ஒரு நாள்கூட வந்து, "தப்பு என்னுடையது" என்று சொல்லவில்லை.

ஆசானிடம் போனேன். வைத்தியர். என்னைவிட இருபது வயது இளையவர்.

"அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க, ஆசானே."

ஆசான் மருந்து இடிப்பதை நிறுத்தவில்லை.

"என்ன சொல்லிக் குடுத்தான்?"

"இலையை மென்னுட்டுச் சீனியை வாயில போடச் சொன்னான். மண்ணு மாதிரி இருந்துது."

ஆசான் எழுந்து போய் அதே இலையில் ஒன்று பறித்து வந்தார். மென்றேன். கருப்பட்டித் துண்டு ஒன்று தந்துவிட்டு மறுபடி இடிக்கத் தொடங்கினார்.

"எப்படி?"

"மண்ணேதான்."

"முழுங்கும்."

விழுங்கினேன்.

"இனிப்பு எங்க போச்சு, அண்ணாச்சி?"

"வயித்துக்கு."

"அன்னைக்கு எங்க போச்சுன்னு நினைச்சீரு?"

"ரத்தத்தை விட்டே போயிட்டுன்னு." எனக்குக் கோபம் ஏறியது. "அவன் இலைதானே அப்படி நினைக்க வச்சுது?"

"மாத்திரையை நிறுத்தச் சொன்னானா?"

"சொல்லல. நிறுத்தாதேன்னும் சொல்லல. நான் என்ன காலேஜா படிச்சேன்?"

"நீரு யாருக்காவது இலை குடுத்தீரா?"

"எனக்க தங்கச்சி லில்லிபாய்க்கு. அவளுக்கும் சர்க்கரை. கிறிஸ்மஸுக்குப் போனப்ப ஒரு பை நிறைய."

"அவளுக்க மாத்திரை?"

"அடுப்பில போட்டேன்."

"அவ சும்மா இருந்தாளா?"

"வேண்டாம் அண்ணேன்னு கையைப் பிடிச்சா. தட்டிவிட்டேன்."

இடிப்பது நின்றது.

"விரல் போனது அவளுக்குத் தெரியுமா?"

"ரப்பர் பால்வெட்டுக் கத்தி பட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"இப்ப எப்படி இருக்கா?"

"இப்பவும் இலையத்தான் மென்னுட்டிருக்கா. போன ஞாயிறு போன் பண்ணினா. கால் மரத்துப் போகுதாம்."

ஆசான் எழுந்தார். வாசலுக்குப் போனார். என் செருப்பை எடுத்து வந்து, விரல் இல்லாத காலில் அவரே மாட்டிவிட்டார்.

"முதல்ல தாசையன் வரட்டும்," என்றேன்.

"அதுவரைக்கும் அவளுக்க விரல் காத்துக் கிடக்குமா, ஓய்?"

பஸ் ஏறினேன். வழியில் தாசையன் தன் வீட்டு முன்னால் நின்றான். என்னைக் கண்டு கை தூக்கினான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

லில்லிபாய் கதவைத் திறந்தாள். உள்ளே போகுமுன்பே செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். சாயங்காலமே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

தாசையன் எனக்கு இன்னும் சொல்லவில்லை.