ஐம்பது லட்சம் மார்க் ஸ்டாம்பு

வெள்ளோடைப்பட்டி ஜமீன்தார் திம்மராஜ நாயக்கருக்கு மூளையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. கோட்டுப் போட்ட வெளியூர்க்காரன் எவனாவது வந்தால் மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச உட்காருவார்.

அவருக்கு ஸ்டாம்புப் பைத்தியம். அரண்மனைக்கு வரும் கடிதத்தைப் படிக்கிறாரோ இல்லையோ, உறையை வெந்நீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பை உரித்துவிடுவார். இந்தச் சங்கதி மதராஸ் வரைக்கும் போயிற்று. அங்கிருந்து எத்திராஜுலு என்று ஒருத்தன் வந்து இறங்கினான். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் சின்ன இடுக்கி. பழைய ஸ்டாம்புகளை மதிப்புப் போடும் நிபுணன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

தான் கொண்டுவந்த ஆல்பத்தைத் திறந்தான். உள்ளே முப்பது ஜெர்மன் ஸ்டாம்புகள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு முத்திரை.

“தொடாதீர்கள் மகாராஜா! விரல் வியர்வை பட்டால் மதிப்புப் போச்சு. கண்ணால் பாருங்கள். இதில் போட்டிருப்பது ஜெர்மன்காரன் நாணயத்தில் ஐம்பது லட்சம் மார்க்!”

ஜமீன்தார் வாயைப் பிளந்தார்.

“ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு அங்கே மணிக்கு மணி விலை ஏறிற்று. அச்சடித்த ஸ்டாம்பை ஒட்டுவதற்குள் அது செல்லாமல் போய்விடும். அதனால் ஒட்டாத ஸ்டாம்பு அங்கே குப்பைமேடாகக் கிடக்கிறது, சல்லிக்காசு பெறாது. நிஜமாகவே உறையில் ஒட்டி, தபாலில் போய், முத்திரை வாங்கியதுதான் அபூர்வம். இந்த முப்பதும் பெர்லினில் ஒட்டினவை! நாற்பதாயிரம் ரூபாய் பெறும். எனக்குப் பணம் வேண்டாம். மடைக்குளத்தையும் அதன் கீழுள்ள நஞ்சையையும் எழுதிக் கொடுங்கள், போதும்.”

என்ன பெருந்தன்மை பாருங்கள்! அந்தக் குளத்துத் தண்ணீரை நம்பி அறுபது குடும்பம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. ஜமீன்தாருக்கு அதெல்லாம் ஞாபகத்தில் வரவில்லை. “கூப்பிடு ராயசத்தை!” என்றார்.

ராயசம் என்றால் அரண்மனைக் கடிதங்களையும் பத்திரங்களையும் எழுதுகிறவர். பெயர் நல்லபெருமாள் பிள்ளை. உடம்பு ஒல்லி, கொழுப்பெல்லாம் நாக்கில்தான். விஷயத்தைக் கேட்டதும் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அறுபது குடும்பத்தில் அவருடைய தங்கை குடும்பமும் ஒன்று.

“மகாராஜா, குளத்தைக் கொடுத்துக் காகிதம் வாங்குவதா? அதுவும் எவனோ ஒட்டிக் கழித்த காகிதம்!”

“ஓய் குமாஸ்தா!” என்று சீறினான் எத்திராஜுலு. “உமக்கு ஜெர்மன் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியுமா?”

“தெரியாது.”

“பூதக்கண்ணாடியாவது உண்டா?”

“அதுவும் இல்லை.”

“கேட்டீர்களா மகாராஜா! இவர் மதிப்புப் போட வந்துவிட்டார்!”

ஜமீன்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார். “ஓய் பிள்ளை, இதை நான் மென்று துப்புவதற்குள் இவர் சொல்வது பொய்யென்று காட்டும். இல்லாவிட்டால் பத்திரத்தை எழுதி வைத்துவிட்டு மூட்டையைக் கட்டும்!”

பிள்ளை பயபக்தியோடு எத்திராஜுலு பக்கம் திரும்பினார்.

“நிபுணர்வாள், இந்த ஸ்டாம்பு நிச்சயமாக உறையில் ஒட்டி, தபாலில் போனதுதானே?”

“முத்திரை தெரியவில்லையா? கண் அவிந்தா போச்சு?”

“அப்புறம் உறையிலிருந்து உரித்தெடுத்தார்கள்?”

“பின்னே? தானாகவா பறந்து வந்தது? முறைப்படி வெந்நீரில் ஊறவைத்து உரித்தது. சத்தியம்!”

“சத்தியம் வேறா! ரொம்ப சந்தோஷம்.”

சொல்லிக்கொண்டே பிள்ளை ஆல்பத்திலிருந்து ஒரு ஸ்டாம்பைச் சட்டென்று உருவினார். எத்திராஜுலு “ஐயோ, தொடாதே!” என்று அலறுவதற்குள் அதன் முதுகில் நாக்கால் ஒரு இழுப்பு இழுத்து, அவன் நெற்றியிலேயே பொத்தென்று அறைந்தார்.

ஒட்டிக்கொண்டது.

எத்திராஜுலு நகத்தால் சுரண்டினான். வரவில்லை. ஜெர்மன்காரன் பசை லேசில் விடுமா?

“என்னய்யா அக்கிரமம் இது!” என்று ஜமீன்தார் எழுந்தார்.

“மகாராஜா தினமும் ஸ்டாம்பு உரிக்கிறீர்களே. வெந்நீரில் ஊறி வந்ததை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டியிருக்கிறீர்களா?”

“மடையா, அது எப்படி ஒட்டும்? பசைதான் தண்ணீரோடு போய்விடுமே!”

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மெல்லுவது நின்றது. இன்னொரு ஸ்டாம்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பின்னால் பளபளவென்று புதுப் பசை, ஓர் ஓரம்கூடக் கலையாமல். அடுத்ததும் அப்படியே. முப்பதும் அப்படியே.

“அடப்பாவி!” என்றார். “ஒரு உறையிலும் ஒட்டாத குப்பையை அள்ளிவந்து, நீயே மையைத் தொட்டு முத்திரை குத்தினாயா?”

எத்திராஜுலு இடுக்கியையும் பூதக்கண்ணாடியையும் பொறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகரப் பார்த்தான்.

ஜமீன்தார் வெற்றிலையைத் துப்பினார். பத்திரத்துக்கு எடுத்து வைத்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். “குளம் குடியானவர்களுக்கே இருக்கட்டும். ஓய் பிள்ளை, இந்தப் பயலை என்ன செய்யலாம்?”

பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“யோசிக்க என்ன இருக்கிறது மகாராஜா? ஸ்டாம்பு ஒட்டியாயிற்று. முத்திரையும் விழுந்திருக்கிறது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி!”